பாதி வாக்கியமும் கடைசி பெஞ்சு அம்மாளும்

"வரும்!"

வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் குரல் கேட்டது. கனமான, வயதான பெண் குரல். எங்கள் முதுகலை இரண்டாமாண்டில் அப்படியொரு குரல் யாருக்கும் கிடையாது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். நானும் சாக்பீஸும் கையுமாகப் பார்த்தேன்.

குரலுக்குச் சொந்தக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சொல்கூடத் தமிழில் பேசாதவர். எங்கள் புவியியல் துறையை வைத்திருக்கலாமா, மூடிவிடலாமா என்று பார்ப்பதற்காக வடக்கிலிருந்து வந்திருந்த குழுவின் தலைவர், பேராசிரியர் மிஸ்ரா.

பக்கத்தில் நின்றிருந்த எங்கள் துறைத்தலைவர் சந்தானம் சாரின் முகம் அப்போது போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் அதுவரை அந்த அம்மாளின் காதுபடத் தமிழில் என்னென்ன பேசியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

குக்கர் எத்தனை விசில்...?

போன வாரம் கௌரவ விரிவுரையாளர்கள் அறையையும் அதன் ஒற்றை மின்விசிறியையும் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி, "அறையை விடுங்கள், நீங்கள் பாடம் எப்படி நடத்துவீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது.

நான் பாதி வாக்கியம் சொல்வேன். மீதியை வகுப்பு சொல்லும்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இது தெரியும். டீச்சர் "மேற்குத் தொடர்ச்சி..." என்று இழுத்து, புருவத்தைத் தூக்கி நிற்பார். வகுப்பே "மலை!" என்று கத்தும். மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் கணக்கு, அறிவியல், நீதிபோதனை எல்லாமே இப்படித்தான் நடந்தன. மாட வீதியில் போகிறவர்களுக்கு எங்கள் வகுப்பிலிருந்து வாக்கியங்களின் கடைசிச் சொற்கள் மட்டுமே கேட்டிருக்கும்.

படித்து முடித்து, முனைவர் பட்டமும் வாங்கி, அடையாற்றுப் பக்கம் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நானே வாத்தியாராகப் போய் நின்றபோது என் வாயிலிருந்தும் பாதி வாக்கியம்தான் வந்தது. முதுகலைப் பிள்ளைகள் என்பதால் அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று பயந்தேன். கூச்சமாவது ஒன்றாவது! முதல் நாளே கூரை அதிர்ந்தது.

வீட்டிலும் இது தொற்றிக்கொண்டது. "குக்கர் எத்தனை விசில்...?" என்று நான் சமையலறைக்கு வெளியிலிருந்து கேட்டால், "வந்தது!" என்று என் கணவர் முடித்துக் கொடுப்பார். எண்ணிக்கையை மட்டும் சொல்லமாட்டார். எங்கள் வீட்டில் பருப்பு குழைந்துபோவதற்கு அதுதான் காரணம்.

இந்தப் பழக்கத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். "சூடான காற்று மேலே..." என்றால் "போகும்" என்று தூங்குகிறவனும் சொல்லிவிடுவான். பதில் வருகிறது, புரிந்ததா என்பது தெரிவதில்லை. ஆனாலும் அதை விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வளாகத்தில் பழுப்பேறிய குறிப்பைப் பார்த்து ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, நிமிர்ந்தே பார்க்காமல் போகிற மேதைகளும் இருந்தார்கள். அவர்களின் வகுப்பில் ஒரு மாணவன் வாய் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான். என் வகுப்பில் கடைசிச் சொல்லுக்காகவாவது வாய் திறந்தார்கள்.

சந்தானம் சாருக்கு இது துளியும் பிடிக்காது. நல்ல மனிதர், சுத்தமான ஆராய்ச்சியாளர், ஆனால் கௌரவம் பார்ப்பார். "ஏம்மா ஜெயந்தி, இது யுனிவர்சிட்டியா, எலிமென்டரி ஸ்கூலா? கீழ எக்கனாமிக்ஸ்காரன் சிரிக்கிறாம்மா" என்பார்.

தொட்டிகளின் ஊர்வலம்

அந்த ஆனி மாதம்தான் குழு வந்தது.

கத்திரி முடிந்திருந்தது, வெயில் முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைவாகச் சேரும் துறைகளை எல்லாம் பார்த்து, பாடம் நடத்துகிற தரம் எப்படி என்று அறிக்கை கொடுக்க மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். அறிக்கை சரியாக இல்லாத துறைக்கு அடுத்த ஆண்டு புது மாணவர் சேர்க்கை கிடையாது. அதாவது, இருக்கிற பிள்ளைகள்தான் கடைசிப் பிள்ளைகள். எங்களைப் போன்ற தற்காலிக ஆசிரியர்களுக்கு அதன் பொருள் இன்னும் எளிது: வீட்டுக்குப் போகலாம்.

சம்பளம் பெரிதில்லை, அது போனால் வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வகுப்பறை போய்விடுமே என்பதுதான் என் கவலை. எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். ஜவுளிக்கடையில் புடவை பார்ப்பதைவிடப் பிடிக்கும். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும்.

'தரம்' என்ற சொல் திடீரென்று வளாகமெங்கும் தொங்க ஆரம்பித்தது, பிளெக்ஸ் பேனர்களில். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கழிவறையில் தண்ணீர் வந்தது. எந்தத் துறைக்குக் குழு போகிறதோ அந்தத் துறையின் வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள் வைக்கப்பட்டன. தொட்டிகள் என்னவோ ஒரே தொட்டிகள்தான். குழு ஒரு துறைக்குள் நுழைந்ததும், வாசலில் இருந்தவற்றைக் கைவண்டியில் ஏற்றி அடுத்த துறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் துறை கடைசி என்பதால், அவை எங்களிடம் வந்து சேர்ந்தபோது பாதி இலை உதிர்ந்து, நீண்ட பயணம் போய்வந்த களைப்பில் இருந்தன.

மிஸ்ரா அம்மாள் எங்கள் வாசலில் நின்று, ஓரம் உடைந்த ஒரு தொட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "இவரை நான் காலையில் தாவரவியலில் சந்தித்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

சந்தானம் சார் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், "இந்தம்மா சிரிக்கவே சிரிக்காது போல இருக்கே. மொகத்தப் பாரு, கஞ்சி போட்ட காட்டன் புடவையாட்டம்."

நான் பதறிப்போய்க் கண்ணைக் காட்டினேன். "அட, அவங்களுக்கு என்னம்மா தெரியப்போவுது?" என்றார்.

மதியம் வடக்கத்தி விருந்தினர்களுக்கென்று ரொட்டியும் பனீரும் வரவழைத்திருந்தார். மற்ற இரண்டு பேரும் நூலகத்தையும் விடுதியையும் பார்க்கப் போய்விட்டதால் மிஸ்ரா அம்மாள் மட்டும்தான் சாப்பிட வந்தார். பனீரைத் தொடாமல் எங்கள் மேஜைப் பக்கம் வந்து, பாத்திரத்தைத் தானே திறந்து, ஒரு டம்ளர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். இன்னொரு டம்ளரும் ஊற்றிக்கொண்டார்.

"பாவம், சூப்புன்னு நெனச்சுக் குடிக்கிறாங்க" என்றார் சந்தானம் சார், பரிவோடு.

ஒன்று தள்ளிப்போன பதில்கள்

மாதிரி வகுப்பு என்று ஒன்று உண்டு. குழுவின் முன்னால் நடத்திக் காட்டுவதற்காகவே தயாரிப்பது. சந்தானம் சார் என்னைத்தான் நடத்தச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. "பாதி வாக்கியம் கூடாது. முழு வாக்கியம். இங்கிலீஷ்ல. ஸ்கிரீன்ல படம். நீ கேள்வி கேட்பே, பிள்ளைங்க ஒவ்வொருத்தரா எழுந்து பதில் சொல்லுவாங்க. யார் எதுக்குன்னு நான் பிரிச்சுக் குடுத்துடறேன்."

பிரித்துக் கொடுத்தார். முதல் கேள்விக்குத் தினேஷ், அடுத்தது பவித்ரா, அதற்கடுத்தது முத்துராஜ், இப்படி. ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். யார் எப்போது எழுவது, எப்போது 'தேங்க் யூ மேடம்' சொல்வது என்பது வரை. எனக்கே நான் பேசுவது பிடிக்கவில்லை. விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

அன்று மதியம் வகுப்பறை ஜன்னல்களை எல்லாம் சாத்தி, திரையில் படம் தெரிவதற்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு புழுக்கம். மிஸ்ரா அம்மாள் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், கோகுலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோகுல் திருவான்மியூர்ப் பையன். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அதனால் அவனுக்குக் கேள்வி எதுவும் ஒதுக்கப்படவில்லை.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். செயற்கைக்கோள் படம் என்றால் என்ன?

யாரும் எழவில்லை. அப்போதுதான் கவனித்தேன், தினேஷ் இல்லை. சந்தானம் சார்தான் கடைசி நேரத்தில், "மயிலாப்பூர்ல போய் நல்ல சந்தன மாலையா ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று அவனை அனுப்பியிருந்தார். முதல் பதிலையே மாலை வாங்க அனுப்பிவிட்டு மனிதர் நிம்மதியாகக் கையைக் கட்டி நின்றிருந்தார்.

அந்த மௌனம் பொறுக்காமல் பவித்ரா எழுந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த பதிலைக் கணீரென்று சொன்னாள். "அவை மூன்று வகைப்படும், மேடம்!"

அடுத்த கேள்விக்குத் தாவினேன். அவை எத்தனை வகைப்படும்? முத்துராஜ் துள்ளி எழுந்தான். "வெள்ளம், வறட்சி, புயல், மேடம்! தேங்க் யூ மேடம்!"

இவற்றால் என்ன பயன் என்று நான் கேட்டபோது அடுத்தவள், "செலவு அதிகம், மேகம் மறைக்கும்" என்றாள். அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது, ஆனாலும் ஒத்திகை பார்த்த உடம்பு தானாக எழுகிறது. முன்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்கப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சந்தானம் சார் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டார்.

மிஸ்ரா அம்மாள் கையை உயர்த்தினார். ஆங்கிலத்தில், அமைதியாகச் சொன்னார். "போதும். நான் பார்க்க வந்தது இதை இல்லை. போன வாரம் நீங்கள் எப்படி நடத்தினீர்களோ, அப்படி ஏதாவது நடத்துங்கள். எந்தப் பாடமானாலும் சரி."

போச்சு என்று நினைத்தேன். போனது போனதுதான் என்று ஆனதும் எனக்கு விசித்திரமாக ஒரு தைரியம் வந்தது. கடைசி வகுப்பு என்றால் என் வகுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜன்னலைத் திற

"முதல்ல அந்த ஜன்னலைத் தொறங்கடா" என்றேன்.

கறுப்புத் தாளைக் கிழித்தார்கள். கிழக்கு ஜன்னல்கள் திறந்தன. வெளியே மரங்கள் அசையவில்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. உள்ளே வந்தது வெறும் அனல். அதைப் பார்த்ததும் எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது.

சென்னையில் வெயில் காலத்தில் நாம் உயிரோடு இருப்பதற்கே காரணம் கடல் காற்றுதான். மத்தியானம் அது வந்துவிட்டால் ஊரே ஒரு பெருமூச்சு விடும். அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் நிலம், அந்தப் பக்கம் கடல். தமிழிலேயே ஆரம்பித்தேன்.

"பகல்ல நிலம் சீக்கிரமா..."

"சூடாகும்!" வகுப்புக்கு உயிர் வந்தது.

"கடல்..."

"மெதுவா சூடாகும்!"

"நிலத்துக்கு மேல இருக்கிற காத்து சூடாகி மேலே..."

"போகும்!"

"அந்த எடத்தைப் பிடிக்கக் கடல்லேருந்து குளிர்ந்த காத்து உள்ளே..."

"வரும்!"

நான் ஆரம்பத்தில் சொன்ன குரல் இதுதான். பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவில், கொஞ்சம் பிந்தி, எல்லாருக்கும் மேலாகக் கேட்டது.

அம்மாள் கையை வாயிலிருந்து எடுத்தார். சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒரே நொடியில் கசங்கிப்போனது.

"மன்னிச்சிருங்க" என்றார், தெற்கத்தித் தமிழில். "நான் தூத்துக்குடிக்காரி. கட்டிக்கிட்டது வடக்க. மூணாங்கிளாஸ்ல எங்க டீச்சரும் இப்படித்தான் பாதியில நிப்பாட்டுவாங்க. வாய் தானா முடிச்சிட்டு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சந்தானம் சார் பக்கம் திரும்பினார். "சார், ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு. சூப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்."

சந்தானம் சார் கையெடுத்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

"அம்மா, காத்து வந்துச்சா?"

ஆனால் அம்மாள் எங்களைச் சும்மா விட்டுவிடவில்லை. எழுந்து கரும்பலகைப் பக்கம் வந்தார்.

"எல்லாரும் சரியாச் சொன்னீங்க. நானும் சொல்லிட்டேன், அம்பது வருசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இப்ப மணி ரெண்டரை ஆகப்போகுது. நிலம் நல்லா சூடாத்தான் இருக்கு. அப்போ காத்தைக் காணோம்லா? எங்க போச்சு?"

என் பழக்கத்தின் ஓட்டையில் நேராக விரல் விட்டுவிட்டார். இதை ஒரு சொல்லில் முடிக்க முடியாது. புத்தகத்தில் வரும் என்றுதான் போட்டிருக்கிறது, வராவிட்டால் என்ன என்று போடவில்லை. பதில் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். பிள்ளைகள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். இந்த வகுப்பில் அத்தனை பேர் சேர்ந்து யோசிப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அழகான காட்சி.

கடைசி பெஞ்சிலிருந்து கோகுல் மெதுவாக எழுந்தான்.

"மேம், ஆனி மாசத்துல மேக்கால இருந்து ஒரு காத்து அடிக்கும்ல மேம்? அது இத உள்ள வுடாம தள்ளிக்கினு கீது மேம். டெர்மினஸ்ல பஸ்சு வந்து நின்னா, எறங்கறவன் எறங்காம ஏறுறவன் உள்ள போவ முடியாது இல்ல? அந்த மாதிரி."

"அப்ப காத்து இப்ப எங்க நிக்குது?" என்றார் மிஸ்ரா அம்மாள்.

"கடல் ஓரத்துல மேம். இல்லன்னா எங்க ஏரியாவுல."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கோகுல் தலையைச் சொறிந்தான். பிறகு, "அம்மாவுக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா மேம்?" என்றான்.

வகுப்பில் செல்போன் எடுத்தால் சந்தானம் சார் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மிஸ்ரா அம்மாளைப் பார்த்துவிட்டு, "போடுப்பா, ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

கோகுலின் அம்மாவுக்கு மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் பூக்கடை.

"யம்மா, அங்க காத்து வந்துச்சா?"

"இன்னாடா இந்நேரத்துல? வந்துகினு கீதுடா, இப்பதான். மேல கட்ன ஷீட்டு பட்டபட்டன்னு அடிச்சிக்குது. நீ சாப்டியா?"

வகுப்பு ஆர்ப்பரித்தது. கரும்பலகைக் கோட்டில் திருவான்மியூர் என்று எழுதி ஒரு புள்ளி வைத்தேன். அப்படியானால் காற்று கிளம்பிவிட்டது, இங்கே வந்துகொண்டிருக்கிறது! அடுத்து யார் என்று கேட்பதற்குள் முத்துராஜ் தன் மாமாவுக்குப் போட்டுவிட்டான். மாமா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"மாமா, அங்க கடல் காத்து வந்துட்டா?"

"ஏல, கடைக்குள்ள ஏசி ஓடுது, எனக்கு எப்படில தெரியும்? இரு, வாசல்ல செக்யூரிட்டிகிட்ட கேக்கேன்." கொஞ்ச நேரம் கூட்டத்தின் இரைச்சல். "இன்னும் இல்லியாம். அவிச்சு எடுக்காம். ஒன்னையப் படிக்கத்தானல அனுப்புனேன், இதெல்லாம் எதுக்குக் கேக்க?"

"படிக்கத்தான் மாமா கேக்கேன்!"

மிஸ்ரா அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "ஏலன்னு கேட்டு எத்தனை வருசமாச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பவித்ராவின் வீடு நங்கநல்லூரில், கடலிலிருந்து இன்னும் தள்ளி. அவள் அம்மா எடுத்ததும், "காத்தா? இங்க ஏதுடி காத்து? மொட்டை மாடியில வடாம் பிழிஞ்சு வெச்சுண்டு உக்காந்திருக்கேன். காத்து வந்தா துணி பறந்துடும்னு நாலு மூலையிலயும் கல்லு வெச்சிருக்கேன். ஒண்ணும் காணோம். ஏண்டி, கிளாஸ் இல்லையா இன்னிக்கு?" என்றார்.

"கிளாஸ்லேருந்துதாம்மா பேசறேன்."

"கிளாஸ்லேருந்தா? நன்னாருக்கு!"

கரும்பலகையில் மூன்று புள்ளிகள். ஒன்றில் வந்தாயிற்று, இரண்டில் வரவில்லை. நடுவில் நாங்கள். காற்று எவ்வளவு வேகத்தில் வருகிறது, எங்களை எப்போது தொடும், எதிர்க்காற்று அதை எங்கே மடக்கும் என்று பிள்ளைகள் சண்டை போட ஆரம்பித்தார்கள். கோகுல் முதல் பெஞ்சுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். அந்தப் பையனுக்குள் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அப்போது வெளியே வாதாம் மரத்தின் உச்சி லேசாக அசைந்தது. ஒருத்தி "மேம்!" என்று கத்தினாள். அடுத்த நொடி ஜன்னல் கதவு படாரென்று சுவரில் மோதியது. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடம் எழுந்து ஆடியது. கிழித்துப் போட்ட கறுப்புத் தாள்கள் அறையைச் சுற்றின. மிஸ்ரா அம்மாளின் குறிப்புகள் பறந்து சந்தானம் சாரின் மார்பில் ஒட்டிக்கொண்டன. ஈரமும் உப்பும் கலந்த குளிர் முகத்தில் அடித்தது.

யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சு மேலும் ஜன்னலிலும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பாடம் வகுப்புக்குள் வந்த அனுபவம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

மாலை வாங்கப்போன தினேஷ் அந்தக் கூத்துக்கு நடுவில்தான் மூச்சிரைக்க வந்து நின்றான். கதவருகே விறைப்பாக நின்று, "செயற்கைக்கோள் படம் என்பது..." என்று ஆரம்பித்தான். அவனை உட்கார வைக்கப் பெரும்பாடாகிவிட்டது.

நங்கநல்லூர் பாக்கி

அம்மாளுக்குச் சாயங்காலம் விமானம். மாலையை வாங்கித் தானே கையில் சுற்றிக்கொண்டு, சேதியெதுவும் சொல்லாமல் கிளம்பினார். குழுவில் இருப்பவர்கள் முடிவைச் சொல்லக்கூடாது. காரில் ஏறும்போது என் கைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கார் போனதும் எங்கள் உற்சாகம் மெல்ல வடிந்தது. நடைபாதையில் கும்பலாக நின்றோம். "நல்லா நடந்துச்சா, மோசமா நடந்துச்சா?" என்று சந்தானம் சார் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாதிரி வகுப்பு பாழ். அதற்குப் பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். ஆசிரியர் அழுதார், துறைத்தலைவர் செல்போனை அனுமதித்தார், மாணவர் பெஞ்சு மேல் ஏறினார். இதையெல்லாம் அறிக்கையில் எப்படி எழுதுவார்கள்?

முத்துராஜின் மாமா தானாகவே கூப்பிட்டு, "ஏல, வந்துட்டு! செக்யூரிட்டி தொப்பி பறந்துட்டு!" என்றார். நங்கநல்லூர் மட்டும் பாக்கி. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

என் போன் அடித்தது. மிஸ்ரா அம்மாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஜெயந்தி, நான் ஏர்போர்ட் வாசல்ல நிக்கேன். உள்ள போகலை. பவித்ரா வீடு இங்க பக்கந்தான? இன்னும் காத்து வரலை. நான் அதை முந்திட்டேன் போல."

"நேரமாகலையாம்மா?"

"ஆகட்டும். பார்த்துட்டுத்தான் போவேன்."

நாங்கள் எல்லாரும் அந்தப் போனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சத்தம், கார் ஹாரன், யாரோ இந்தியில் எதையோ கேட்பது. திடீரென்று பவித்ராவின் போன் அலறியது. "வந்துடுத்துடி! வடாமெல்லாம் துணியோட பறக்கறது! கல்லு வெச்சும் நிக்கலைடி!" என்று அவள் அம்மா சந்தோஷமா புலம்பலா என்று தெரியாத குரலில் கூவினார்.

கொஞ்ச நேரத்தில் என் போனில் 'விஷ்' என்று ஒரு இரைச்சல். கூடவே அம்மாளின் சிரிப்பு. "வந்துட்டு ஜெயந்தி, வந்துட்டு! மாலை பறந்து போயிரும் போல!"

நடைபாதையில் நாங்கள் குதித்த குதியில் கீழ்த்தளத்துப் பொருளாதாரத் துறைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

சத்தம் அடங்கியதும் அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, நான் உள்ள போகணும். முடிவை நான் சொல்லக்கூடாது, உங்களுக்குத் தெரியும். அதனால பாதி மட்டும் சொல்லுதேன். அடுத்த வருசம் புதுசா வர்ற பிள்ளைகளுக்கு, இந்தக் கடல் காத்துப் பாடத்தை, உங்க ஜெயந்தி மேடம்..."

நிறுத்திவிட்டார்.

வாழ்க்கை முழுக்கப் பாதி வாக்கியம் சொல்லியே பிழைத்தவள், ஒரு வாக்கியத்தின் மீதியைச் சொல்ல முடியாமல் நின்றேன்.

"நடத்துவாங்க!"

பிள்ளைகள் கத்திய கத்தலில் நடைபாதை அதிர்ந்தது. புறாக்கள் எழுந்து பறந்தன. அடுத்த கோடையில் வெளியான சேர்க்கை அறிவிப்பில் எங்கள் துறையின் பெயர் இருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அது எங்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துபோயிருந்தது.

அன்றைக்கு அந்தச் சொல்லை எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சந்தானம் சார்.